அரளியை வெட்டிய பிறகு

நாய்க்குட்டி வேண்டுமென்று நான் யாரிடமும் கேட்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆசைப்பட்டு வாங்கியது பெங்களூரில் இருக்கும் என் மகள். அடுக்குமாடிக் குடியிருப்பில் அது குரைக்கிறது என்று கீழ்வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்ததும், ஒரு சனிக்கிழமை காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் இறக்கிவிட்டாள். இந்த வீட்டில் யார் எதற்கு ஆசைப்பட்டாலும் கடைசியில் கூட்டிப் பெருக்குகிறவள் நான்தான். பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க நின்றுகொண்டே கணக்குப் பாடம் எடுத்துவிட்டு, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, இரவுச் சோற்றுக்கு அரிசி களைந்து வைக்கிற எனக்கு, ஒரு குட்டிநாயின் மூத்திரத்தைத் துடைக்கிற வேலை மட்டும்தான் பாக்கியாக இருந்தது.

"என்னைக் கேட்டியா கண்ணு?" என்றேன். "எனக்குத் தெம்பில்ல."

"அம்மா, அப்பாவுக்கு ஒரு துணையா இருக்கும்மா" என்றாள்.

அப்பா என்று சொல்லிவிட்டால் இந்த வீட்டில் எல்லாப் பேச்சும் நின்றுவிடும்.

என் கணவர் கணபதிப் பகுதியில் லேத் பட்டறை வைத்திருந்தார். மோட்டார் பம்புக்கு உதிரிபாகம் செய்து கொடுப்பார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பெரிய ஆர்டர் வரும் என்று நம்பிக் கடன் வாங்கி, கம்ப்யூட்டரில் ஓடுகிற ஒரு சி.என்.சி. மிஷின் இறக்கினார். ஆர்டர் வரவில்லை. மிஷினும் போனது, அதன் பின்னாலேயே பட்டறையும் போனது. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தவர், அன்றைக்கு உள்ளறை நாற்காலியில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அழுதிருந்தால் நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதிருப்பேன். எதுவுமில்லை. கேட்டால் "ம்" என்பார், "வேண்டாம்" என்பார், "வெச்சிட்டுப் போ" என்பார். வாசல் கேட்டுப் பக்கமே போகமாட்டார். தெருவில் யாராவது "பட்டறை எப்படிப் போகுதுங்க?" என்று கேட்டுவிடுவார்களே என்ற பயம். அந்தக் கேள்விக்கெல்லாம் நான்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் முதல் கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிற ஒரம்பரை சொந்தபந்தம் வரை எல்லாரிடமும், "உள்ள படுத்திருக்காருங்க, தலைவலிங்க" என்று சொல்லிச் சொல்லி எனக்கே தலைவலி வந்துவிட்டது.

அந்த ஒன்றரை வருஷமும் எனக்கென்று இருந்தது வீட்டைச் சுற்றியிருந்த தோட்டம். மேட்டுப்பாளையம் ரோட்டை விட்டு உள்ளே வந்தால் எங்கள் வீடு. சைட் வாங்கியபோது வெறும் சரளை மண். காய்கறிக் கழிவையும் முருங்கை இலையையும் போட்டுப் போட்டு நான் அதை மண்ணாக்கினேன். காம்பவுண்டுச் சுவரோரம் வரிசையாக அரளி, சிவப்பும் மஞ்சளுமாக. விடிகிறதற்கு முன்னால் தெருப் பெண்கள் எல்லாரும் சுவருக்கு வெளியே நின்றபடியே பிள்ளையாருக்குப் பறித்துக்கொண்டு போவார்கள். வாசலில் பெரிய பெரிய இலையோடு, வெள்ளைத் தீற்றல் போட்ட தொட்டிச் செடிகள். சாயங்காலம் ஒரு மணி நேரம் அங்கே தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். யாரும் என்னை எதுவும் கேட்கமாட்டார்கள். அந்த நேரத்தில்தான் நான் மூச்சு விட்டேன்.

குட்டி வந்த இரண்டாம் நாளே அவருடைய காலைக் கண்டுபிடித்துவிட்டது. அத்தனை இடமிருக்க, அவர் பாதத்தின் மேல் தலையை வைத்துத்தான் தூங்கும். எழுந்து போனால் கூடவே போகும், வேட்டி நுனியைக் கடித்து இழுக்கும். ஒருநாள் நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

"அக்கட்டால போ சாமி, மிதிச்சுப்போடுவேன். வாலு வெச்சுக்கிட்டு எங்க வந்து படுத்திருக்கற பாரு, லொள்ளு புடிச்சவனே!"

யாரோ வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். எட்டிப் பார்த்தேன். யாருமில்லை. அவர்தான் பேசிக்கொண்டிருந்தார், நாயிடம். குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. மூடவேண்டும் என்று தோன்றவில்லை. என்னிடம் பேசுவதற்கு இல்லாத வார்த்தை இந்தக் குட்டிக்கு எங்கிருந்து வந்தது என்று பொறாமையாகக்கூட இருந்தது. ஆனாலும் அன்றைக்கு அந்தக் குட்டிக்கு ஒரு முட்டையை வேகவைத்துப் போட்டேன்.

தடுப்பூசி போட இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்டு போனோம். அவர் வீட்டை விட்டு வெளியே வந்ததே எனக்குப் பெரிய விஷயம். கால்நடை மருத்துவர் சின்னப் பெண். ஊசி போட்டுக்கொண்டே, "ஊட்டுல தோட்டம் இருக்குதுங்களா?" என்று கேட்டாள். இருக்கிறது என்று பெருமையாகச் சொன்னேன். என்னென்ன செடி என்றாள். நான் சொல்லச் சொல்ல அவள் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

"அரளி வேண்டாமுங்க. இலை, பூ, காம்பு எல்லாமே விஷம், நெஞ்ச நிறுத்திப்போடும். தொட்டில வெச்சிருக்கறீங்களே, அந்தப் பெரிய எலைச் செடி, அதைக் கடிச்சா வாயி வீங்கிப்போகும். மணி பிளாண்டும் அப்படித்தானுங்க. பல்லு மொளைக்கற வயசு பாருங்க, எதைக் கண்டாலும் கடிக்கும்."

திரும்பி வரும்போது நான் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். "ரோட்டு நடுவுல கிலோமீட்டர் கணக்கா அரளி வெச்சிருக்கறாங்க. ஆடுகூட அதுல வாய் வெக்காதுங்க."

"ஆட்டுக்கு அறிவிருக்குது" என்றார் அவர், குட்டியைத் தடவிக்கொண்டே. "இதுக்கு எங்க இருக்குது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் வந்தது. நேராக என்னைப் பார்த்து அவர் ஒரு முழு வாக்கியம் சொல்லி எத்தனை காலமாயிற்று! வீட்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியதும், "அம்மணி, அரளிய எடுத்துப்போடலாமா?" என்று கேட்டார். எடுக்கக் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இத்தனை நாளில் அவர் கேட்ட முதல் காரியம் அது. தோட்டம் முழுவதையும் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

மறுநாளே கொடுவாளை எடுத்து வெட்ட ஆரம்பித்துவிட்டார். பட்டறையை விட்ட பிறகு அவர் கையில் ஒரு ஆயுதத்தை அன்றைக்குத்தான் பார்க்கிறேன். பால் கையில் படாமல் துணியைச் சுற்றிக்கொண்டு, அடிவேர் வரைக்கும் தோண்டி எடுத்தார். நான் வைத்து வளர்த்த வரிசை ஒரே பகலில் கீழே விழுந்து கிடந்தது. பார்க்க முடியாமல் உள்ளே போய் விடைத்தாள் திருத்த உட்கார்ந்தேன். ஒரு விடைத்தாளும் மண்டையில் ஏறவில்லை. தொட்டிச் செடிகளைப் பக்கத்து வீட்டு மொட்டைமாடிக்குக் கொடுத்துவிட்டோம்.

காலையில் பூப்பறிக்க வந்த எதிர்வீட்டம்மா சுவருக்கு வெளியே நின்று கத்தினாள். "ஏனுங்க டீச்சர், என்னங்க இப்படிப் பண்ணிப்போட்டீங்க? ஒரு நாய்க்காக பிள்ளையாருக்குப் பூவில்லாமப் பண்ணலாமுங்களா?" என் கணவர் எங்கள் வீட்டின் பின்பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டுக்கு வரவில்லை. நான்தான் பல்லைக் காட்டிச் சமாளித்து அனுப்பினேன்.

ஆனால் அந்த வாரம் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். பொய் சொல்லக் கூடாது. அவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நர்சரிக்குப் போனார். செம்பருத்தி, ரோஜா, கறிவேப்பிலை என்று நாய்க்கு ஆகாத செடி எதுவும் இல்லாமல் கேட்டுக் கேட்டு வாங்கி வந்தார். குழி எடுத்தார். காரமடைப் பக்கம் தோட்டம் வைத்து விவசாயம் பார்க்கிற குடும்பத்தில் பிறந்தவர். அவர்கள் வீட்டில் ஒரு நாற்றைக்கூடக் குழியில் புண்ணாக்குப் போடாமல் நடமாட்டார்கள். காரமடைக்குப் போய்க் கடலைப் புண்ணாக்கும், கரையான் வராமல் இருக்கக் கொட்டமுத்துப் புண்ணாக்கும் வாங்கி வந்து இடித்துக் கலந்தார். ஆமணக்கைத்தான் எங்கள் பக்கம் கொட்டமுத்து என்போம். எண்ணெய் எடுத்த பிறகு மிச்சமாகும் சக்கை அது, செடிக்கு அப்படியொரு உரம். ஒவ்வொரு குழிக்கும் கை நிறைய அள்ளிப் போட்டு மேலே மண்ணைத் தள்ளினார். குட்டி அவர் காலைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"அம்மணி, இங்க வந்து பாரு" என்று கூப்பிட்டார்.

போய்ப் பார்த்தேன். வரிசையாகப் பாத்தி கட்டித் தண்ணீர் விட்டிருந்தார். முகமெல்லாம் வியர்வை. "ஒரு சொட்டு மருந்து கெடையாது. எல்லாம் இயற்கை. இனி இவன் எங்க வேணும்னாலும் பொரளட்டும்" என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. இனி மெல்ல மெல்ல மனுஷன் தேறிவிடுவார், நானும் கொஞ்சம் உட்காரலாம் என்று நினைத்தேன்.

இரண்டு மூன்று நாள் கழித்துப் பள்ளியில் மூன்றாவது பீரியட் நடந்துகொண்டிருக்கும்போது ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். வீட்டிலிருந்து போன் என்றார்கள். யாருக்குமே போன் செய்யாத மனுஷன், என் கைபேசி அணைத்திருக்கும் என்று தெரிந்து, பள்ளிக்கூட நம்பரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டிருந்தார்.

"குட்டி காலைல இருந்து வாந்தி எடுத்துட்டே இருக்குது. இப்ப ரத்தமாப் போகுது. எந்திரிக்க மாட்டீங்குது. நீ வா."

ஆட்டோ பிடித்துக்கொண்டு போனேன். வண்டியில் நான் வேண்டிக்கொண்டது குட்டிக்காக இல்லை. அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்த மனுஷன் திரும்பவும் அந்த நாற்காலிக்குப் போய்விடுவார், இந்தத் தடவை எழுந்திருக்கமாட்டார் என்ற பயம்தான். இன்னொரு ஒன்றரை வருஷத்துக்கு என்னிடம் தெம்பில்லை. அதைத்தான் சாமியிடம் சொன்னேன்.

அதே ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனோம். மருத்துவமனை மேஜையில் குட்டி துணிபோலக் கிடந்தது. வயிற்றைத் தொட்டால் முனகியது. டாக்டர் பெண் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள்.

"அரளிய எடுத்துட்டீங்களா?"

"அன்னைக்கே வெட்டிப்போட்டேனுங்க" என்றார் அவர்.

"எலி மருந்து ஏதாச்சும் வெச்சீங்களா?"

"இல்லீங்க."

"மண்ணுல உரம், மருந்து?"

"கெமிக்கல்னு ஒண்ணுமே இல்லீங்க டாக்டர். புண்ணாக்குத்தானுங்க. கடலையும் கொட்டமுத்தும் கலந்து…"

அவ்வளவோடு நின்றுவிட்டார். டாக்டர் சொல்வதற்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. முகத்தில் ரத்தமே இல்லை.

தெரியாத விஷயமா அது? தோட்டக்காரர் வீட்டில் கொட்டமுத்துப் புண்ணாக்கு மூட்டையை மாட்டுக்கு எட்டாத இடத்தில்தான் வைப்பார்கள். மாடு தின்றால் செத்துப்போகும் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். ஆனால் புண்ணாக்கையும் நாயையும் யார் சேர்த்து நினைத்துப் பார்த்தார்கள்? அந்தத் தோட்டத்து நாய்கள் களியையும் மோர்ச்சோற்றையும் தின்றுவிட்டுக் காவலுக்குப் போகும், புண்ணாக்குப் பக்கம் திரும்பாது. வீட்டுக்குள்ளேயே கிடக்கிற இந்தக் குட்டிக்கு மண்ணைக் கிளறுவதைத் தவிர வேறு வேலையில்லை. கூடக் கலந்த கடலைப் புண்ணாக்கின் வாசம் வேறு. மனுஷனுக்கே ஒரு துண்டு எடுத்துக் கடிக்கத் தோன்றும். செடியிலிருந்த விஷத்தையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, அதைவிடக் கொடிய விஷத்தைக் கையால் அள்ளிக் குழி குழியாகப் போட்டு வைத்திருக்கிறார். அட கெரகமே!

"இதுக்குன்னு மாத்து மருந்து கெடையாதுங்க. டிரிப் ஏத்தலாம், வாந்திக்கு மருந்து குடுக்கலாம். எவ்வளவு தின்னுச்சோ தெரியல. தாங்குச்சுன்னா பொழைச்சுக்கும்" என்றாள் டாக்டர்.

"கொஞ்சம் யோசிச்சிருக்கக் கூடாதா?" என்ற வார்த்தை என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். அந்த மிஷின் வாங்கினபோதும் இதே வார்த்தையைத்தான் விழுங்கினேன். விழுங்கி விழுங்கி எனக்குப் பழகிவிட்டது.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படி ஓட்டினேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. காலையில் டிரிப்புக்குக் கொண்டுபோவோம், அவர் அங்கேயே உட்கார்ந்துகொள்வார், நான் பள்ளிக்கு ஓடுவேன். சாயங்காலம் திரும்ப வந்து இருவரையும் அழைத்துக்கொண்டு போவேன். தேர்வு நேரம். விடைத்தாள் கட்டு பையில் கனத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்தால் அவர் பழையபடி "ம்", "வேண்டாம்". தட்டில் போட்ட சோறு அப்படியே இருக்கும். என் பயம் என் கண் முன்னாலேயே நடந்துகொண்டிருந்தது. மகள் போன் செய்து அழுதாள். "அப்பா எதுக்கும்மா அதைப் போட்டாரு?" என்றாள். ஸ்பீக்கரில் இருந்தது. அவர் காதில் விழுந்துவிட்டது. எழுந்து உள்ளறைக்குப் போனார். நான் போனை வைத்துவிட்டேன். கோபம் மகள் மேலா, அவர் மேலா, நாய் மேலா என்று பிரித்துப் பார்க்கக்கூட முடியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பகல் முழுக்கத் தூங்கவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசையே இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனபோது குட்டி தலையைத் தூக்கியது. டாக்டர் விரலில் கஞ்சியைத் தொட்டு வைத்தாள். நக்கியது. வால் ஒருமுறை அசைந்தது. "கண்டம் தாண்டிருச்சுங்க" என்றாள். "ஆனா அந்த மண்ணை எடுத்துருங்க, முழுசா. கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் தோண்டித் தின்னுரும்." அவர் குட்டியின் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். சந்தோஷப்பட்டாரா என்று முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்வெட்டியை எடுத்தார். வைத்த செடி ஒவ்வொன்றையும் பிடுங்கினார். குழிகளை மட்டுமல்ல, தண்ணீரோடு பரவியிருக்கும் என்று பாத்தி மண் முழுவதையும் வெட்டிச் சாக்கில் அள்ளினார். காரமடைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் ஆழக் குழி எடுத்து மூடவேண்டும் என்றார். நான் இத்தனை வருஷமாகச் சேர்த்த கறுப்பு மண் சாக்குச் சாக்காகக் கட்டி நின்றது. அடியில் பழைய சரளை தெரிந்தது. நான் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. துக்கப்படக்கூட ஒரு தெம்பு வேண்டுமே.

எதிர்வீட்டம்மா கையில் பால் பாத்திரத்தோடு போனவள், கேட்டுக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"ஏனுங்க டீச்சர், வெச்ச செடியெல்லாம் எங்கீங்க? என்னாச்சுங்க?"

வழக்கம்போல நான் எதையாவது சொல்லிச் சமாளிக்க எழுந்தேன். குட்டியை இறக்கி வைப்பதற்குள் அவர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டுக்குப் போய்விட்டார்.

"தப்பு என்னுதுங்க" என்றார். "கொட்டமுத்துப் புண்ணாக்கு போட்டேனுங்க, குட்டி தின்னுபோடுச்சு. சாகக் கெடந்து பொழைச்சிருக்குது. உங்க மருமக ஊட்டுல நாய் இருக்குதுன்னு சொன்னீங்களாமே, அவியகிட்டச் சொல்லி வைங்க. செடிக்கு அதைப் போட வேண்டாமுங்க."

அந்தம்மா வாயடைத்துப் போனாள், புண்ணாக்கைக் கேட்டு அல்ல, அவரைக் கண்டு. சுதாரித்துக்கொண்டு, "அட, நல்லா இருக்கறீங்களாண்ணா? பார்த்தே வெகுநாளாச்சு. பட்டறை எல்லாம் எப்படிப் போகுதுங்க?" என்று கேட்டேவிட்டாள்.

நான் குட்டியோடு திரும்பவும் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"வித்துப்போட்டேனுங்க" என்றார். "நட்டமாயிருச்சு. ஒன்றரை வருசமாச்சுங்க."

"அப்படிங்களா" என்றாள் அந்தம்மா. இன்னும் என்னவோ ஆறுதலாகச் சொல்லிவிட்டுப் போனாள். அவ்வளவுதான் நடந்தது. வானம் இடிந்து விழவில்லை. எந்தக் கேள்விக்குப் பயந்து இந்த மனுஷன் நாற்காலியை விட்டு எழாமல் கிடந்தாரோ, நான் எத்தனை பொய் சொன்னேனோ, அது இவ்வளவுதான்.

அவர் கேட்டைச் சாத்திவிட்டு வந்து என் பக்கத்தில் வாசற்படியில் உட்கார்ந்தார். கையெல்லாம் மண். குட்டி என் மடியிலிருந்து தவழ்ந்து அவர் மடிக்குப் போனது. கொஞ்ச நேரம் அதன் காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அந்த மிசினும் நல்லதுன்னு நெனச்சுத்தான் அம்மணி வாங்கினேன்" என்றார். தோள் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

இந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் ஒன்றரை வருஷமாகக் காத்திருந்தேன். அது வரும்போது என்ன பதில் சொல்லவேண்டும் என்று பஸ்ஸிலும் அடுப்படியிலும் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். கோபமாக ஒரு பதில், ஆறுதலாக ஒரு பதில் என்று தயாராக வைத்திருந்தேன். அதில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. அவ்வளவு களைத்துப் போயிருந்தேன்.

"தெரியுமுங்க" என்றேன்.

பிறகு அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். தெருவில் ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.